நட்டுக்கு அடியில் என்ன போடுகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் ஹார்ட்வெயார் கடைக்குப் போய் "வாசர் இருக்கோ?" என்று மொட்டையாகக் கேட்டால் முதலில் கைக்கு வருவது பைப் வாசர்தான், தண்ணீர்க் குழாய்க்குள் கிடக்கிற அந்தக் கறுப்பு றப்பர். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் எங்களுடையது, குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து றப்பரைத் தின்றுவிடும், ஆகவே கடையில் அடிக்கடி போகிற சாமான் அதுதான். பெடியனைக் குறை சொல்ல முடியாது. போன கிழமை ஸ்ரான்லி வீதியில் எனக்கும் அதுதான் நடந்தது. "அதில்லைத் தம்பி, போல்ட்டுக்குப் போடுற இரும்பு வாசர்" என்று சொல்ல, ஒரு பிளாஸ்ரிக் பேசினைத் தூக்கி முன்னால் வைத்து "பாத்து எடுங்கோ அண்ணை" என்றான். உள்ளே ஆறு, எட்டு, பத்து, இஞ்சிக் கணக்கு, தட்டை, வெட்டு விழுந்தது, பல்லு வைத்தது எல்லாம் கலந்து ஒரே சாம்பாறு. பக்கத்தில் நின்ற ஒருவர் கைக்கு வந்தபடி ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். "கேற்றுக்கு. ஏதோ ஒண்டு போட்டாச் சரிதானே."

சரியில்லை. வாசர் இடம் நிரப்புகிற சாமான் அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும்: இந்த இடத்தில் இது என்ன வேலை செய்யப்போகிறது? பாரத்தைப் பரப்பவா, தண்ணீரோ எண்ணெயோ ஒழுகாமல் அடைக்கவா, கரண்ட் கடத்தவா, வெறுமனே இடைவெளி நிரப்பவா? பதில் வராவிட்டால் அந்த இடத்துக்கு வாசர் தேவையில்லாமலும் இருக்கலாம்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு இறைப்பு மெசினால். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்க, இரண்டிஞ்சி மெசின் ஒன்றைப் பனைமரச் சட்டத்தில் பூட்டிக் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான்கு போல்ட், நான்கிலும் ஸ்பிறிங் வாசர் (ஒரு இடத்தில் வெட்டு விழுந்த சுருள் வாசர்), நட். ஸ்பிறிங் வாசர் போட்டால் கழராது என்பது கராச்சிலும் தச்சுப் பட்டறையிலும் வேதவாக்கு, நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மூன்றாம் இறைப்பில் மெசின் சட்டத்தில் நின்று துள்ளத் தொடங்கிவிட்டது. நிற்பாட்டிப் பார்த்தால் இரண்டு நட் கையால் சுழலுது, ஒன்றைக் காணவில்லை, அது கிணற்றுக்குள். கழற்றிப் பார்த்தபோது ஸ்பிறிங் வாசரின் வெட்டு முனை மரத்தை உளி மாதிரிக் கடைந்து அரை நூல் (ஒரு நூல் என்றால் இஞ்சியில் எட்டில் ஒன்று) ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தது.

அதில் இரண்டு பிழை. ஒன்று, மரத்தின் மேல் தட்டை வாசர் போடாதது. மற்றது ஸ்பிறிங் வாசரை நம்பியது. இரண்டையும் விளங்கிக்கொள்ள, போல்ட்டை இறுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

போல்ட் இழுபடவேண்டும்

நட்டைத் திருகத் திருக போல்ட் கொஞ்சம் இழுபடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனாலும் இழுத்துப் பிடித்த ஸ்பிறிங் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுவைதான் இரண்டு சாமானையும் ஒன்றோடொன்று அமத்திப் பிடிக்கிறது. இழுவை இருக்கும்வரைக்கும் நட் தானாகச் சுழல்வது கஷ்டம். இழுவை போனால் எந்த வாசரும் காப்பாற்றாது.

இதில் கெட்டித்தனமான ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் ஸ்பானரில் கொடுக்கிற பலத்தில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடி உராய்வதிலேயே போய்விடும், இன்னொரு நாற்பது வீதம் மரையில் உராய்ந்து போகும், போல்ட்டை இழுக்க மிஞ்சுவது பத்து வீதம் அளவுதான். அப்படியானால் நட்டின் அடியில் கறளும் பெயின்ட் திரளும் வெல்டிங் பொரியும் இருந்தால் என்ன ஆகும்? கைக்கு "இறுகிட்டுது" என்று தெரியும், போல்ட் இழுபட்டிருக்காது. வழவழப்பான ஒரு தட்டை வாசரை நட்டுக்கு அடியில் போட்டால் நட் அதன் மேல் ஒழுங்காக வழுக்கிச் சுற்றும், உங்கள் பலத்தில் போல்ட்டுக்குப் போகவேண்டிய பங்கு போகும். தட்டை வாசருக்கு இப்படி ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. ஆகவே ஒரே ஒரு வாசர்தான் இருக்கிறது என்றால், ஸ்பானர் போட்டுத் திருகுகிற பக்கத்தில் போடுங்கள், நட் சுழன்றால் நட்டுக்கு அடியில், போல்ட் தலை சுழன்றால் தலைக்கு அடியில்.

தட்டை வாசரின் அடுத்த வேலை எல்லோருக்கும் தெரிந்தது, பாரத்தைப் பரப்புவது. வழக்கமான 8 மில்லிமீற்றர் வாசரின் ஓட்டை 8.4, வெளிவிட்டம் 16, தடிப்பு 1.6 மில்லிமீற்றர். இரும்பில் இரும்பு பூட்டுவதற்கு இது காணும். மரம், பிளைவூட், பிளாஸ்ரிக், ஃபைபர் கிளாஸ், மெல்லிய தகரம் என்றால் காணாது, அகன்ற வாசர் வேண்டும். அதே 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 24 மில்லிமீற்றர் விட்டத்தில் வாசர் விற்கிறார்கள், அதாவது போல்ட்டின் மூன்று மடங்கு. "அகலமான வாசர்" என்று கேட்டால் தருவார்கள், "மட்கார்ட் வாசர்" என்று கேட்டாலும் சில கடைகளில் விளங்கும். பழைய தீராந்தி, பனை வளை, கதவு நிலை போன்ற பாரமான மரவேலை என்றால் வெல்டிங் கடையில் ஒன்றரை இஞ்சிச் சதுரத்தில் தகட்டை வெட்டி நடுவில் துளைத்து வாங்குங்கள். மரம் வெயிலுக்குச் சுருங்கும், மாரிக்கு ஊதும், சின்ன வட்ட வாசர் ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதைந்துகொண்டே போகும், பெரிய சதுரத் தகடு அப்படிப் புதையாது. அப்படியிருந்தும் புது மரம் என்றால் முதல் கோடைக்குப் பிறகு ஒருதரம் திரும்ப இறுக்கத்தான் வேண்டும்.

ஒரு வாசரை எடுத்து விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் உருண்டு வழுவழுப்பாக இருக்கும், மற்றப் பக்கம் நகம் கொளுவும். தகட்டில் அச்சுப் போட்டு அடித்து எடுப்பதால் வருகிற பிசிறு அது. பெயின்ட் அடித்த கேற், அலுமினியம், ஃபைபர் கிளாஸ் என்றால் உருண்ட பக்கத்தைச் சாமானின் பக்கம் வையுங்கள், கூர்ப் பக்கம் பெயின்டை வட்டமாக வெட்டிவிடும், அந்த வட்டத்தில்தான் முதல் கறள் தொடங்கும். நான் கேற் வேலை செய்யும்போது அந்தப் பிசிறை அரத்தால் இரண்டு இழுவை இழுத்துவிடுவேன். வெட்டி வேலை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று குத்தியிருந்தால் அது பலமான போல்ட், இறுக்கமும் அதற்கேற்ற மாதிரிக் கொடுக்கவேண்டும். 8 மில்லிமீற்றர் 8.8 போல்ட்டுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீற்றர், அதாவது இருபத்தைந்து சென்ரிமீற்றர் நீள ஸ்பானரின் நுனியில் பத்துக் கிலோ தொங்குகிற அளவு பலம். இப்படியான போல்ட்டுக்கு மெல்லிய மலிவு வாசரைப் போட்டால் அது தட்டம் மாதிரிக் குழிந்துவிடும், குழிந்த அளவுக்கு இழுவை போய்விடும். ஒருதரம் கழற்றிப் பார்த்து வாசர் குழிந்திருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள்.

ஸ்பிறிங் வாசர் பற்றிச் சண்டைக்கு வராதீர்கள்

இதைச் சொன்னால் ஊரில் பாதிப்பேர் கோபிக்கிறார்கள். வெட்டு விழுந்த அந்தச் சுருள் வாசர், முழுதாக இறுகினால் தட்டையாகப் படுத்துவிடும். படுத்த பிறகு அதற்கும் சாதாரணத் தட்டை வாசருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் கண்டுபிடித்ததல்ல இது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1990இல் வெளியிட்ட போல்ட், நட் வடிவமைப்புக் கையேட்டிலேயே, இறுகி முடிந்த பிறகு இதற்குப் பூட்டுகிற தன்மை கிடையாது என்றுதான் இருக்கிறது. அதற்கு முன்னமே, 1969இல், ஜெர்மன் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர், போல்ட்டுக்குக் குறுக்காக வருகிற அதிர்வுதான் நட்டை அதிகமாகக் கழற்றுகிறது என்று இயந்திரம் வைத்துக் காட்டினார். அந்தச் சோதனையை இன்றைக்கும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள், அதில் ஸ்பிறிங் வாசர் நல்ல பெயர் எடுக்கவில்லை.

என் மெசின் செய்ததும் அதுதான், மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டாக உதறியது.

அப்படியானால் ஸ்பிறிங் வாசரை எறிந்துவிடுவதா? இல்லை. அதிர்வு குறைந்த இடத்தில், கரண்ட் வேலையில், சின்ன ஸ்குறூவில் அது இருப்பதால் ஒரு கெடுதியும் இல்லை. கம்பனி போட்டு அனுப்பிய இடத்தில் திரும்பப் போடுங்கள். ஆனால் போடுகிற ஒழுங்கு முக்கியம்: சாமானின் மேல் தட்டை, அதன் மேல் ஸ்பிறிங், அதன் மேல் நட். மாற்றிப் போட்டால் என் பனைமரத்தில் நடந்ததுதான் நடக்கும்.

உண்மையிலேயே உதறுகிற இடத்துக்கு, இறைப்பு மெசின், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், கிறைண்டர் மேசை, ஓட்டோவின் சைலன்சர் பிடி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் மலிவும் நல்லதும், ஆனால் ஏறக்குறைய 120 பாகை செல்சியசுக்கு மேல் நைலோன் தாங்காது, ஆகவே சைலன்சருக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே இரட்டை நட் போடலாம், முழு உலோகத்தாலான பூட்டு நட் கிடைத்தால் இன்னும் நல்லது. மரைக்குப் பூசுகிற பசையான லொக்டைட் நீலம் நல்ல வேலை செய்யும், ஆனால் போல்ட்டிலும் நட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, பெற்றோல் விட்டுத் துடைத்துக் காயவைத்துப் பூசுங்கள். சரிவுப் படிகள் வெட்டிய இரண்டு வாசர்களை ஒன்றோடொன்று பொருத்தி விற்கிற நோர்ட்-லொக் என்ற சுவீடன்காரரின் சாமானும் இருக்கிறது, நட் கழரப் பார்த்தால் அந்தச் சரிவு நட்டை மேலே தள்ளி இழுவையைக் கூட்டிவிடும். நல்ல யோசனை, ஆனால் விலை கேட்டால் வெங்காயம் விற்ற காசு போய்விடும். நான் கடைசியில் செய்தது: மெசின் சட்டத்துக்கு அடியில் சதுரத் தகடு, மேலே தட்டை வாசர், நைலோன் நட். இரண்டு போகம் தாண்டிவிட்டது.

கூரை

மாரி தொடங்க முன்னம், புரட்டாசியில், பார்க்கவேண்டிய வாசர்கள் இவை. கூரைத் தகரத்துக்கு இப்போது அடிக்கிற ஸ்குறூவில் மேலே ஒரு இரும்பு வாசர், அதன் அடியில் ஒட்டின மாதிரி ஒரு கறுப்பு றப்பர் இருக்கும். தண்ணீரை மறிப்பது அந்த றப்பர், அதை மறிக்கவிடாமல் செய்வது பெரும்பாலும் எங்கள் ட்ரில் மெசின்தான். வேலைக்கு வருகிற பெடியள் மெசினை முழு வேகத்தில் விட்டு, ஸ்குறூ தகரத்தைக் குழியாக்கும்வரைக்கும் இறுக்கிவிடுவார்கள், றப்பர் நாக்கு மாதிரி வெளியே பிதுங்கி நிற்கும். சித்திரை வைகாசி வெயிலில் அந்தப் பிதுங்கின றப்பர் வெடிக்கும், கார்த்திகையில் கட்டிலுக்கு மேல் சொட்டும். அளவு இதுதான்: இரும்பு வாசரின் விளிம்பில் றப்பர் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் நிற்பாட்டுங்கள். இரும்பு வாசர் தட்டையாக இருக்கவேண்டும், குழியக்கூடாது. ஸ்குறூ சரிந்து இறங்கினாலும் ஒரு பக்கம் றப்பர் நசியும், மற்றப் பக்கம் வாய் திறந்து நிற்கும், கழற்றி நேராக அடியுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் வளைந்த கொக்கிப் போல்ட், தார் வாசர், அதன் மேல் வளைவான கல்வனைஸ் வாசர், பிறகு நட், இதே ஒழுங்கில். ஓட்டை சீற்றின் மேட்டில்தான் இருக்கவேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் ஓட்டை போட்டவரோடு நான் கதைப்பதில்லை. ஓட்டை போல்ட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும், சீற் வெயிலுக்கு விரியும், இடம் இல்லாவிட்டால் வெடிக்கும். இறுக்கம் வாசர் அசையாத அளவுக்குக் காணும். இன்னொன்று, அஸ்பெஸ்ரஸ் துளைக்கும்போது வருகிற தூள் சுவாசப்பைக்கு நஞ்சு. தண்ணீர் ஊற்றி நனைத்து, கையால் திருப்புகிற துளைகருவியால் மெதுவாகத் துளையுங்கள், மூக்கையும் வாயையும் நல்ல மாஸ்க்கால் மூடுங்கள். முடிந்தால் பழைய சீற்றில் புது ஓட்டை போடவே வேண்டாம்.

சைக்கிள் ரியூப்பை வெட்டி வாசர் செய்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கைப்பழக்கம், அப்பாவின் பால்மாப் பேணிக்குள் நட்டும் வாசரும் ஊசி நூல் மாதிரிப் பத்திரமாகக் கிடந்த காலம் அது. தண்ணீருக்கு ரியூப் றப்பர் பரவாயில்லை. எண்ணெய், பெற்றோல், மண்ணெண்ணெய் படுகிற இடத்தில் போடாதீர்கள், ஊதிக் களியாகிவிடும். அந்த இடங்களுக்கு நைட்ரைல் றப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

உப்புக் காற்று

யாழ்ப்பாணத்தில் எங்கே நின்றாலும் கடலோ களப்போ கிட்டத்தான். சோளகம் அடிக்கிற மாதங்களில் குருநகர், நாவாந்துறைப் பக்கத்தில் புது நட் ஒன்றை வெளியில் வைத்துப் பாருங்கள், கறள் பிடிக்க எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணலாம். வாசர்தான் முதலில் போகும், மெல்லிய தகடு, நாலு பக்கமும் விளிம்பு.

கடல் தெறிக்கிற இடத்துக்கு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் வாங்குகிறீர்கள் என்றால் ஏ4 என்றோ 316 என்றோ கேளுங்கள். ஏ2, அதாவது 304, வீட்டுக் கேற்றுக்குக் காணும், படகுக்குக் காணாது, 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அது கூடத் தாங்கும். போல்ட், நட், வாசர் மூன்றும் ஒரே உலோகமாக இருக்கட்டும். ஸ்ரெயின்லெஸ் போல்ட்டுக்குக் கல்வனைஸ் வாசர் போட்டு மிச்சம் பிடித்தால், உப்புத் தண்ணீர் நடுவில் நின்று அந்தச் சின்ன வாசரின் நாகத்தைத்தான் முதலில் தின்னும். அலுமினியச் சட்டத்தில் ஸ்ரெயின்லெஸ் போல்ட் என்றால் தின்னப்படுவது அலுமினியம், நடுவில் நைலோன் வாசர் போட்டுப் பிரித்துவிடுங்கள். ஸ்ரெயின்லெஸ் நட்டை உலர்ந்தபடி வேகமாக இறுக்கினால் மரை ஒன்றோடொன்று கௌவிக்கொண்டு முன்னாலும் போகாது பின்னாலும் வராது, வெட்டித்தான் எடுக்கவேண்டும், ஒரு சொட்டுக் கிறீஸ் பூசி மெதுவாகத் திருகுங்கள்.

ஃபைபர் கிளாஸ் படகில் எதைப் பூட்டினாலும் உள்பக்கம் அகன்ற வாசர் கட்டாயம், கயிறு கட்டுகிற கொளுக்கி என்றால் வாசருக்குப் பதிலாக ஒரு முழுத் தகடு. ஓட்டைக்குள்ளும் வாசருக்கு அடியிலும் சீலன்ட் பூசாமல் விட்டால் உள்ளே இருக்கிற பிளைவூட் தண்ணீர் குடித்து உக்கிவிடும், அது வெளியே தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

மோட்டார் சைக்கிள், சைக்கிள்

ஒயில் மாற்றும்போது கழற்றுகிற அடி நட்டின் வாசர் பாரம் பரப்புவதற்கு அல்ல, ஒழுகாமல் நசிந்து அடைப்பதற்கு. சின்ன ஹொண்டாக்களில் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் அலுமினிய வாசர். ஒருதரம் நசிந்தால் அதன் வேலை முடிந்தது, ஒவ்வொரு முறையும் புதிது. பழையதைத் திரும்பப் போட்டு, ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கி, கடைசியில் எஞ்சின் அடியில் இருக்கிற அலுமினிய மரையை உரித்தவர்கள் எத்தனை பேர். செம்பு வாசர் என்றால் ஒரு வழி இருக்கிறது, நெருப்பில் மங்கின சிவப்பாகும்வரைக்கும் சுட்டுத் தண்ணீரில் போட்டால் திரும்ப மெதுமையாகும் (இரும்புக்கு இது எதிர்மாறு), மேலே பிடிக்கிற கரியைத் துடைத்துவிட்டுப் போடலாம். பிறேக் குழாயில் இருக்கிற செம்பு வாசருக்கு மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம், இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

பழைய ஹொண்டா கப்பின் சிலிண்டர் ஹெட் கழற்றினால் நான்கு நட்டிலும் ஒரே மாதிரி வாசர் இருக்காது. எண்ணெய் ஏறுகிற பக்கத்தில் செம்பு இருக்கும். மாற்றிப் போட்டால் ஒயில் கசியும். கழற்ற முன்னம் போனில் ஒரு போட்டோ.

சைக்கிளின் பின்சில்லில் வாசர் எங்கே போகிறது? ஃபோர்க்குக்கு வெளியே, நட்டுக்கு அடியில். உள்ளே போட்டுவிட்டு, ஏற்றத்தில் மிதிக்கச் சில்லு ஒரு பக்கம் சரிந்து ரயர் உரசுது என்று வருகிற பெடியளைக் கண்டிருக்கிறேன்.

வாசர் போடக்கூடாத இடமும் உண்டு. கார், ஓட்டோ சில்லு நட்டின் அடி கூம்பாக இருந்தால் அது சில்லின் குழிக்குள் தானே நடுவாக இருக்கவேண்டும், நடுவில் வாசர் போட்டால் சில்லு கழன்று ஓடும், சத்தியமாக உயிர் போகிற விசயம். தலை பதிந்து இருக்கிற ஸ்குறூவுக்கும், அடியில் அகன்ற விளிம்பு வார்த்தே வருகிற நட்டுக்கும் வாசர் வேண்டாம்.

பல்லு வாசர் கரண்டுக்கு. பெயின்டையும் கறளையும் கீறி உலோகத்தைத் தொடுவதுதான் அதன் பிழைப்பு, ஆகவே வாகனத்தின் எர்த் வயர், மோட்டார்ப் பெட்டியின் எர்த், சோலார் சட்டம் போன்றவற்றில் வயரின் காதுக்கும் உலோகத்துக்கும் நடுவில் வையுங்கள். கீறின இடத்தில் பிறகு கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே கறள்.

கதவு தேய்ந்தால்

கார்த்திகையில் கதவு நிலத்தில் தேய்கிறது என்று உடனே தச்சரைக் கூப்பிட்டுச் சீவாதீர்கள், கோடையில் இடைவெளியாகிவிடும். பிணைச்சல் தேய்ந்து கதவு இறங்கியிருக்கலாம். மேல் பிணைச்சலின் ஸ்குறூக்கள் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறுக்கம் என்றால், ஊசி உள்ள பிணைச்சலில் கதவைத் தூக்கிக் கழற்றி, ஊசியில் ஒரு தட்டை வாசரைப் போட்டு, கிறீஸ் பூசித் திரும்ப இறக்குங்கள். ஒன்றரை மில்லிமீற்றர் கதவு உயரும், தேய்வது நின்றுவிடும். எல்லாப் பிணைச்சலிலும் ஒரே தடிப்பு வாசர், ஒன்றில் மட்டும் போட்டால் முழுப் பாரமும் அதில் இறங்கும். இரும்புக் கேற்றுக்குப் பித்தளை வாசர் கிடைத்தால் சத்தமும் போகும்.

இடைவெளி நிரப்ப வாசரை அடுக்குவதில் ஒரு எல்லை உண்டு. இரண்டு பரவாயில்லை, மூன்று என்றால் யோசியுங்கள், ஐந்து ஆறு அடுக்கினால் ஒவ்வொன்றின் பிசிறும் பெயின்டும் கொஞ்சம் கொஞ்சமாக நசிந்து போல்ட் லூசாகும். குழாய்த் துண்டு ஒன்றை அளவாக வெட்டிப் போடுங்கள், அல்லது நீளம் குறைந்த போல்ட் வாங்குங்கள்.

கடையில்

பழைய போல்ட்டைக் கையில் கொண்டு போங்கள். எங்கள் ஊரில் மில்லிமீற்றரும் இஞ்சியும் இன்னும் ஒன்றாகத்தான் குடித்தனம் நடத்துகின்றன, பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் எல்லாம் இஞ்சி. வாசர் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்: இரண்டரை நூல் போல்ட் 7.9 மில்லிமீற்றர், எட்டு வாசர் அழகாகப் போகும். மூன்று நூல் 9.5, பத்து வாசரில் ஒரு மில்லிமீற்றர் ஆடும், நடுவில் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். அரை இஞ்சி 12.7, பன்னிரண்டு வாசரின் ஓட்டை 13, சரி. நட்டில் இந்த விளையாட்டு வேண்டாம், இரண்டு மரை ஏறினால் பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள், அதோடு மரை போய்விடும்.

பேசினுக்குள் கைவிட்டு எடுக்கும்போது காந்தம் ஒன்று இருந்தால் நல்லது. ஸ்ரெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது அல்லது மிக லேசாகத்தான் ஒட்டும், பளபளப்பான நாகப் பூச்சு இரும்பு சட்டென்று பிடிக்கும். இரண்டையும் ஒரே விலைக்குத் தந்தால் நீங்கள் கெட்டிக்காரர், ஸ்ரெயின்லெஸ் விலைக்கு இரும்பைத் தந்தால் அவர் கெட்டிக்காரர்.

கிணற்றுக்குள் போன என் நட்டையும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுத்துவிட்டேன், கறளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோசத்தில் மெசினுக்குப் புதிதாக ஸ்ரெயின்லெஸ் வாசர் வாங்கி வந்து, அதே கிணற்றுக்கட்டில் வைத்துப் பூட்டும்போது இரண்டு கைதவறி விழுந்தது. காந்தத்தை அரை மணித்தியாலம் இறக்கி இழுத்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. இப்போது கிணற்றடியில் ஸ்பானரை எடுக்க முன்னம் கிணற்று வாய்க்கு மேல் ஒரு சாக்கை விரித்துவிடுகிறேன்.